வேளாங்கண்ணியோடு திரும்பிவிடாதீர்கள்!

மூங்கில்துறைப்பட்டில் ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்தால் சாத்தனூர் அணை, இல்லையென்றால் கல்வராயன் மலை. 'கடல் பார்க்கணும்' என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் புதுச்சேரி. நேர்த்திக்கடன் இருந்தால் வேளாங்கண்ணி. வேளாங்கண்ணி வரை போகிறவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் சொச்சம் தெற்கே போனால் கோடியக்கரை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அது பூங்குழலியின் ஊர். இந்த வாரம் அங்கே இருக்கும் ஒரு மானுக்காகக் கூப்பிடுகிறேன்.

திருக்கோவிலூர், விருத்தாசலம், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் என்று போக ஒரு பகல் ஓடிவிடும். இரவு வேதாரண்யத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்புங்கள். ஊரைத் தாண்டினால் உப்பளங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு அள்ளியது இந்தப் பக்கம்தான். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் காடு வந்துவிடும்.

1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். இங்கே புல்வெளியில் மேய்வது வெளிமான். ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்டது போல நீண்ட கொம்பு. பெண் மான் வெளிர்பழுப்பு; பெரும்பாலும் கொம்பு கிடையாது. பெயரிலேயே 'வெளி' இருக்கிறது, பாருங்கள். புதருக்குள் பதுங்கித் தப்பிக்கிற மான் இல்லை இது. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்துவிட்டு, ஓடித் தப்பிக்கிற மான். அதற்குத் திறந்த புல்தரை வேண்டும்.

அந்தத் தரைக்குத்தான் இப்போது போட்டி. சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் புகுந்து அடைக்கிறது. இன்னொரு பக்கம் குதிரைகள். யாரோ எப்போதோ வளர்த்து விட்டுவிட்டவற்றின் வாரிசுகள், இப்போது காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. மான் தின்னும் புல்லையே அவையும் தின்கின்றன. கோடையில் இரண்டுக்கும் அதே கொஞ்சத் தண்ணீர்தான். போதாக்குறைக்கு, கருவேலங்காயைத் தின்று, சாணத்தோடு விதையையும் பரப்பிவிடுகின்றன. வருகிறவர்கள் பலரும் காரை நிறுத்திப் படம் எடுப்பது குதிரையைத்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணின் பிராணி சற்றுத் தள்ளி நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், அதைக் கவனியுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பகுதியில்தான். மரங்கள் சாய்ந்தன, மான்களும் செத்தன. அதன் பிறகும் இங்கே மான் மேய்வதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நிம்மதி.

கடற்கரையில் பஜ்ஜிக் கடை, ராட்டினம் என்று எதிர்பார்க்காதீர்கள். மீன்பிடிப் படகுகள், காற்று, அலை, அவ்வளவுதான். சோழர் காலக் கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. 2004 சுனாமியில் இடிந்துவிட்டது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை சதுப்பில் பூநாரைகள் இறங்கும். ஆனால் அப்போது மழையும் இருக்கும், குடை மறக்காதீர்கள்.

இட்லியும் தண்ணீரும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குரங்குக்கும் குதிரைக்கும் வாழைப்பழம் நீட்ட வேண்டாம். மான் தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்காருங்கள். கதவைத் திறந்தால் ஓடிவிடும். தாத்தா வீட்டில் பைனாகுலர் சும்மா கிடந்தால், அதையும் காரில் போட்டுக்கொள்ளுங்கள்.