பங்கில்லாதவருக்கும் பதில் சொல்ல வேண்டும்

நாட்டை நடத்த அரசியல்வாதி எதற்கு, பெரிய கம்பெனியை நடத்திக் காட்டியவரைக் கொண்டுவந்து உட்கார வையுங்கள் என்ற குரல் ஒவ்வொரு பொருளாதார நெருக்கடியிலும் எழுகிறது. பாகிஸ்தான் இதைப் பலமுறை செய்து பார்த்துவிட்டது. 1999-ல் ராணுவ ஆட்சி வந்ததும் சிட்டிபேங்க் அதிகாரி ஷௌகத் அஜீஸ் நிதியமைச்சரானார். 2004-ல் பிரதமராகவே ஆனார். எங்ரோ நிறுவனத் தலைமையை விட்டு அரசியலுக்கு வந்த அசத் உமர், 2018 ஆகஸ்டில் நிதியமைச்சராகி, எட்டு மாதத்தில் பதவியை விட்டார். 2024 மார்ச்சில் ஹபீப் வங்கியின் தலைவர் முகமது ஔரங்கசீப் அதே நாற்காலிக்கு வந்தார். அந்த ஆண்டும் அந்நாடு சர்வதேச நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. இவர்கள் யாரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். திறமை இருந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் தவறு. அந்தத் திறமை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே ஒரு தொழிலதிபர் நல்ல அமைச்சரா என்று சொல்ல முடியும் என்பது என் வாதம்.

இதற்குச் சான்று தேட லாகூருக்கோ கராச்சிக்கோ போக வேண்டியதில்லை. சென்னையின் டி.டி.கிருஷ்ணமாச்சாரி இருக்கிறார். லீவர் நிறுவனப் பொருள்களைத் தென்னாடு முழுக்கக் கொண்டுசேர்த்து, 1928-ல் சொந்த நிறுவனம் தொடங்கி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். 1937-ல் சென்னை சட்டமன்றம், பிறகு அரசமைப்பு வரைவுக் குழு, 1952-ல் வணிகம் மற்றும் தொழில் துறை, 1956-ல் நிதி. முதலாளி அமைச்சரானால் முதலாளிகளுக்குச் சாதகமாக நடப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, 1957-ல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்து அவர் பதில் சொன்னார். பணம் எங்கே இருக்கும், எப்படி மறையும் என்று அறிந்தவர் போட்ட வரிகள் அவை. ஆனால் அதே ஆண்டு ஜூனில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் போடப்பட்டது. கழகத்தின் முதலீட்டுக் குழுவிடம் யாரும் கேட்கவில்லை. டிசம்பரில் மக்களவையில் அதை எழுப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. முடிவு தன் துறைச் செயலாளருடையது என்றார் அமைச்சர். பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்த நீதிபதி சாக்ளா அதை ஏற்கவில்லை. செயலாளர் செய்தாலும் பொறுப்பு அமைச்சருடையது என்றார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார்.

அந்த விலகலை அவருடைய தோல்வி என்று மட்டும் படிப்பது குறைப்பார்வை. கம்பெனியில் தவறு நடந்தால் மேலாளரை அனுப்பிவிட்டு முதலாளி அடுத்த கூட்டத்தில் உட்காரலாம். இங்கே காப்பீட்டுக்காக மாதாமாதம் பணம் கட்டிய எளிய சந்தாதாரருக்காக, அவர் கேட்காமலேயே, அவையில் கேள்வி எழுந்தது. நாட்டின் நிதியமைச்சர் பதவி இழந்தார். டி.டி.கே.யின் அறிவைவிட இந்த ஏற்பாடு நாட்டுக்குப் பெரிய சொத்து. அவரே பின்னர் 1962-ல் திருச்செந்தூரில் போட்டியின்றித் தேர்வானார், மீண்டும் நிதியமைச்சரானார். குடும்ப நிறுவனங்கள் பற்றிய புகாரை நீதிபதி ஒருவர் பார்க்கட்டும் என்று பிரதமர் சாஸ்திரி சொன்னதும் 1965 முடிவில் மறுபடி விலகினார். விசாரணையை ஏற்று நின்றிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

தேர்தலில் வெல்லத் தெரிந்தவருக்கு வரவு செலவு தெரிவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லேமன் பிரதர்ஸிலும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டிலும் பணியாற்றிய பழனிவேல் தியாகராஜன், மதுரை மத்தியில் இருமுறை வென்ற பிறகே 2021-ல் தமிழக நிதியமைச்சரானார். வந்ததும் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலக் கடன் 5.70 லட்சம் கோடி, ஒரு குடும்பத்துக்கு 2.63 லட்சம் ரூபாய் என்று மக்களிடம் கணக்கைத் திறந்து வைத்தது. 62,000 கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறை ஏறத்தாழ 30,000 கோடியாகக் குறைந்தது. திறமையும் வாக்கும் சேர்ந்து வர முடியும் என்பதற்கு இதுவே போதும். 2023 மே மாதத்தில் அவரிடமிருந்து நிதித்துறை போனதைக் காட்டி, திறமைசாலிக்கு அரசியலில் இடமில்லை என்பார்கள். இலாகா மாறுவது முதல்வரின் உரிமை. அதனால் கணக்கைத் திறந்து வைத்தது வீணாகிவிடாது. மக்களவைத் தேர்தலில் ஒருபோதும் வெல்லாத மன்மோகன் சிங்கை உதாரணம் காட்டுவோரும் உண்டு. அவரும் 1991-லேயே மாநிலங்களவை உறுப்பினராகி, நாடாளுமன்றத்தின் கேள்விகளுக்கு நடுவில்தான் சீர்திருத்தங்களைச் செய்தார்.

இந்த வாதத்தை மரக்காணத்தில் வைத்து உரசிப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் விரியும் அவ்வூர் உப்பளங்களில் பாத்தி மிதிப்பவரும் உப்பு வாருபவரும் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வேலையிழக்கிறார்கள். வருமானம் தராத பிரிவை மூன்று மாதம் மூடிவைப்பது ஒரு நிறுவனத்துக்குச் சரியான முடிவு. அரசாங்கத்துக்கு அந்த வழி கிடையாது. 2022-ல் தமிழக அரசு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உற்பத்தியில்லாத காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொண்டுவந்தது. தொடங்கியதைப் பாராட்ட வேண்டும்; ஆனால் 92 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 55 ரூபாய்கூட வரவில்லை. இந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது? உப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. உப்பு ஆணையர் அலுவலகம், டி.டி.கே. ஒருகாலத்தில் வகித்த வணிகம் மற்றும் தொழில் துறையின் கீழ் இயங்குகிறது. நிவாரணம் மாநிலத்துடையது. இரண்டு அரசுகளுக்கு நடுவில் கேள்வி தொலைந்துபோகும். அடுத்த நிதிநிலை அறிக்கையின்போது இந்தக் கரையின் சட்டமன்ற உறுப்பினர் எழுந்து, 5,000 என்ற தொகை எப்படி வகுக்கப்பட்டது, கூலியோடும் விலைவாசியோடும் அது ஏன் இணைக்கப்படவில்லை என்று கேட்க வேண்டும். நிதியமைச்சர் முன்பு வங்கியில் இருந்தவரோ வயலில் இருந்தவரோ, அவையிலேயே அதற்கு எண்ணோடு பதில் சொல்ல வேண்டும்.