தேங்காய்த் தண்ணீரைக் கானில் ஊற்றிவிட்டு விஞ்ஞானம் படிக்கிறோம்

 

ஒரு வலீமாச் சமையலுக்கு எத்தனை தேங்காய் உடைக்கிறோம்? பாலுக்குத் துருவுகிறோம், தண்ணீரைக் கானில் ஊற்றுகிறோம். அதே வீட்டுப் பிள்ளை உள்ளறையில் இருந்து உயர்தர உயிரியலில் இழைய வளர்ப்பைப் பாடமாக்குகிறது. பாடம் குசினி வாசலால் ஓடுகிறது என்று அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்வதில்லை.

1941இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளம் முளையங்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்து வளர்த்தார்கள். 1958இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் குழுவினர், கரட் கிழங்கின் கலங்களைத் தேங்காய்த் தண்ணீர் கலந்த ஊடகத்தில் வளர்த்து முழுக் கரட் செடிகளையே உருவாக்கிக் காட்டினார்கள். அதிலுள்ள சீனி கலத்துக்கு உணவு. சைற்றோகைனின் கலத்தைப் பிரியத் தூண்டும் ஓமோன். ஓர்க்கிட் வளர்ப்போர் இன்றும் தேங்காய்த் தண்ணீரோடு வாழைப்பழக் கூழும் உருளைக்கிழங்குச் சாறும் சேர்க்கிறார்கள். ஊடகத்தை உறைய வைக்கும் ஏகார் வேறொன்றுமில்லை, நோன்பில் நாம் காய்ச்சும் கடற்பாசிதான்.

இது விளையாட்டு விஷயமல்ல. டக்ஸோல் என்ற புற்றுநோய் மருந்தைத் தாவரக் கலங்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து எடுக்கிறார்கள். அந்தக் கலங்கள் வெயிலில் உணவு தயாரிப்பதில்லை. சீனி கொடுத்தால்தான் வளரும், சீனிக்குக் காசு வேண்டும். மிஞ்சிய பாணிலும் சோற்றிலும் உள்ள மாப்பொருளை நொதியத்தால் உடைத்தாலும் குளுக்கோஸ்தான் கிடைக்கும். உணவுக் கழிவைக் கலங்களுக்குத் தீனியாக்கலாமா என்று உலகம் ஆராய்வது இதனால்தான்.

"மிஞ்சினால் ஏழைக்குக் கொடுங்கள், ஆய்வுகூடத்துக்கு ஏன்?" என்பீர்கள். சரியான பேச்சு. சாப்பிடக்கூடியது முதலில் மனிதனுக்குத்தான். நாம் கேட்பது கானில் போகும் தண்ணீரையும் தோலையும் கழிவையும் பற்றி.

"எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டினால் மாநகர சபை ஏற்றிப் போகும்" என்பதுதான் நம்மைக் கெடுக்கும் பேச்சு. எண்ணெய், உப்பு, எலும்பு, பிளாஸ்டிக் போத்தல் எல்லாம் கலந்த புரியாணி மீதி எந்தக் கலத்துக்கும் தீனியாகாது. நல்ல பசளைகூட ஆகாது. கல்லுண்டாயில் மலையாகத்தான் கிடக்கும். நம் குடாநாட்டின் குடிநீர் சுண்ணக்கல்லுக்குள் இருக்கிறது. மேலே கொட்டுவது கீழே கிணற்றுக்கு வரும். கழிவு பயன்படுமா, நஞ்சாகுமா என்பது பிரித்து வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிறது.

"ஆய்வுகூடம் எங்கே?" என்றும் கேட்பீர்கள். தொடங்குவதற்கு பிரஷர் குக்கர், ஜாம் போத்தல், கடற்பாசி, சீனி, வடித்துக் கொதிக்கவைத்த தேங்காய்த் தண்ணீர் போதும். கிருமி புகுந்து பாதிப் போத்தல் பூஞ்சணம் பிடிக்கும். பிடிக்கட்டும், அதுவும் பாடம்தான். நீர்வேலி வாழைத் தோட்டக்காரருக்கு நோயற்ற கன்று தேவை. அதைத் தருவதும் இதே தொழில்நுட்பம். அதை நம் பிள்ளைகள் செய்யக்கூடாதா?

ஆகவே கேட்கிறோம். பள்ளி நிர்வாகங்களே, அடுத்த வலீமாவில் மூன்று வாளி வையுங்கள்: தேங்காய்த் தண்ணீருக்கு ஒன்று, தோல் துண்டுகளுக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. ஆசிரியர்களே, முதல் வாளியை அன்றே பாடசாலைக்கு எடுங்கள், பிந்தினால் புளித்துவிடும். பெற்றோரே, பிள்ளையின் போத்தல் பழுதானால் ஏசாதீர்கள்.

வீண்விரயம் கூடாது என்று பயான் கேட்கிறோம். கேட்டது காணும், வாளியை வைப்போம்.