மணி அடிக்காத இடத்தில்



"பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுது" என்று நம் பள்ளி ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். எழுதுவதற்கு முன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இப்பள்ளியில் வகுப்பில் முதல் மூவருள் ஒருத்தியாக இருந்த நான், கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே ஒரு தாளில் தோற்றேன். கல்லூரி வழக்கில் சொன்னால், ஓர் 'அரியர்' வைத்தேன். காரணம் ஊர் சுற்றியதன்று, சினிமாவன்று, தோழியரோடு அரட்டையன்று. எனக்குத் தோழியரே இல்லாமல் இருந்ததுதான் காரணம்!

விடுதியில் சேர்க்க வந்த அன்று அப்பா என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "யாரோடும் அதிகம் சேராதே அம்மா. வந்த வேலையை மட்டும் பார்." எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். அவருக்கு இருந்த அச்சம் எனக்குப் புரிந்தது. அந்தச் சொல்லை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். அறையில் நால்வர், மூவர் பேசிச் சிரிப்பார்கள், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து படிப்பேன். மெஸ்ஸுக்குக்கூடத் தனியாகப் போவேன். இதைப் பெருமையாக வீட்டுக்குச் சொல்வதும் உண்டு.

ஆகஸ்டு மாதத்தில் காய்ச்சல் வந்தது. பத்து நாள் ஊரில் இருந்தேன். அந்தப் பத்து நாளில்தான் துணைப்பாடமான புள்ளியியலில் ஒரு முழு அலகு நடந்திருக்கிறது. ஓர் உள்தேர்வு முடிந்திருக்கிறது. ஒப்படைப்புக் கட்டுரைக்குக் கடைசி நாளும் போயிருக்கிறது. தேர்வைத் தவறவிட்டவர்களுக்கு மறுதேர்வு உண்டு என்று வகுப்பில் அறிவித்தார்களாம். எனக்கு யார் சொல்வார்கள்? யாரிடமும் நான் பேசியதில்லையே! குறிப்பேட்டைக் கேட்டு வாங்கவும் கூச்சம். பலன், உள்மதிப்பெண் இருபத்தைந்துக்கு 6. பல்கலைக்கழகத் தேர்வில் எழுபத்தைந்துக்கு 31. தேர்வுத்தாளில் வேண்டிய 30-ஐத் தாண்டிவிட்டேன். ஆனால் மொத்தத்தில் 40 வேண்டும், எனக்குக் கிடைத்தது 37.

மூன்று மதிப்பெண்! ஒரு தோழியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மூன்று மதிப்பெண்.

ஆகவேதான் எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டது. "படிப்பா, தோழமையா?" என்று கேட்பதே தவறான கேள்வி. தராசின் இரண்டு தட்டுகளைப் போல ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். நான் பார்த்த வரையில், இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன.

"அப்படியானால் சேர்ந்து ஆடலாமா?" என்று கேட்பீர்கள். என் அறைத்தோழி ஒருத்தியின் கதையையும் சொல்ல வேண்டும். அவளுடைய வீட்டில் அதுவரை தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியே அனுப்பியதில்லை. கல்லூரிக்கு வந்த முதல் மாதத்திலேயே எல்லாக் கலை விழாக்களிலும் அவள் பெயர் இருந்தது. நன்றாகப் பாடுவாள், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைக் கவனியுங்கள். ஒரு செமஸ்டருக்குப் பொதுவாக 90 வேலை நாட்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். அதாவது 22 நாட்கள் வரை வராமல் இருக்கலாம். "இருபத்திரண்டு நாள் இருக்கிறதே!" என்று அவள் ஒத்திகைக்கும் விழாவுக்கும் செலவழித்தாள். அந்த நாட்கள் விழாவுக்காகத் தரப்பட்டவை அல்ல, நோய்க்காகவும் வீட்டில் நேரும் துக்கத்துக்காகவும் தரப்பட்டவை என்பது, அவளுடைய பாட்டி காலமான போதுதான் தெரிந்தது. வருகை 68 சதவீதத்துக்கு இறங்கியது. எங்கள் பல்கலைக்கழகத்தில் 65-க்கும் 75-க்கும் இடைப்பட்டவர்கள் அபராதம்போல ஒரு கட்டணம் கட்டிவிட்டுத் தேர்வு எழுதலாம். 65-க்குக் கீழே போனால் அதுவும் இல்லை. கட்டணத்துக்கு வீட்டில் என்ன சொல்வது என்று அவள் இரவெல்லாம் அழுதாள்.

அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பதினேழு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த கதவை ஒரே நாளில் திறந்துவிட்டால், யார்தான் ஓடாமல் இருப்பார்கள்? நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும், அவள் விழா விழாவாக ஓடியதும் ஒரே நோயின் இரண்டு குணங்கள். எங்கள் இருவருக்கும் நேரத்தைக் கையாளத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் அருட்சகோதரியரிடம் உரிமையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மன்னிப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்களை மணி நடத்தியது. எழும்ப மணி, ஜெப மணி, வகுப்பு மணி, படிப்பு நேர மணி, விளக்கணைக்கும் மணி. அந்த ஒழுங்கு எங்களுக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தந்தது, நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் கல்லூரியில் மூன்றரை மணிக்கு வகுப்பு முடிந்தபின் எந்த மணியும் அடிப்பதில்லை. இரவு வரை நேரம் திறந்த வெளியாகக் கிடக்கிறது. அதில் எப்படி நடப்பது என்று நாங்கள் பழகியதே இல்லை. பதினோராம் வகுப்பிலிருந்தாவது வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை மாணவியர் கையிலேயே விட்டுவிட்டால் என்ன? வீணாக்குவார்கள் என்பீர்கள். ஆம், முதல் சில வாரங்கள் நிச்சயம் வீணாக்குவார்கள். இங்கே வீணாக்கினால் ஒரு மாலைதான் போகும். அங்கே ஒரு செமஸ்டர் போகும்.

நேரம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி. நாள்தோறும் எட்டு மணி நேரம் தூங்கினாலும் 56 போகும். வகுப்புகளுக்கு 30. குளியல், துணி துவைப்பு, சாப்பாடு, மெஸ் வரிசை எல்லாவற்றுக்கும் நாளுக்கு மூன்று மணி வைத்தால் 21. தினமும் மூன்று மணி படித்தால் அதற்கும் 21. இன்னும் 40 மணி மீதி இருக்கிறது! வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்குப் பயணத்தில் பன்னிரண்டு மணி போனாலும் 28 மிஞ்சும். (வீட்டில் அடுக்களை வேலையும் தம்பி தங்கையரின் பாடமும் அந்த 28-ஐத் தின்றுவிடுவதை நான் அறிவேன். அம்மாக்கள் இதைப் படித்தால் கொஞ்சம் யோசிக்கட்டும்.)

அந்த மூன்று மணி படிப்பை நாள்தோறும் செய்வதில்தான் சூட்சுமம். ஜெர்மானிய அறிஞர் எபிங்காவுஸ் 1885-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், படித்தது முதல் நாளிலேயே வேகமாக மறந்துபோகிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பயில்வது ஒரேயடியாக உருப்போடுவதைவிட நிலைக்கிறது என்றும் காட்டினார். நாமோ நவம்பர் வரை விட்டுவிட்டு, தேர்வுக்கு முன் மூன்று இரவுகள் விழித்திருக்கிறோம். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவரிடம் சோதித்துப் பார்த்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, ஒரு முறை வாசித்துவிட்டுப் பாராமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். இதில் தோழிக்கு என்ன வேலை என்கிறீர்களா? புத்தகத்தை மூடச் சொல்லி, "இப்போது சொல்லு பார்க்கலாம்" என்று கேட்க ஒருத்தி வேண்டாமா? சுவர் கேட்காதே!

ஆனால் 'கூடிப் படிக்கிறோம்' என்று பெயர் பண்ணிக்கொண்டு ஐந்தாறு பேர் கட்டிலில் உட்கார்வதை நான் நம்புவதில்லை. முதல் கால் மணி பாடம். பிறகு யாருடைய அண்ணன் கல்யாணம், எந்தக் கடையில் புடவை என்று போய்விடும். அரட்டையும் வேண்டியதுதான், அதை நான் வெறுக்கவில்லை. அதை அரட்டை என்றே சொல்லிவிட்டு அடிக்கலாம். கைப்பேசியில் ஆளுக்கொரு மூலையில் குனிந்திருப்பதை மட்டும் தோழமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாற்பது மணியையும் அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். நோயில் கஞ்சி கொண்டுவந்து தராது.

பணத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். கல்லூரியில் பிறந்தநாள் என்றால் 'ட்ரீட்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஓர் அறையில் நால்வர், வகுப்பில் அறுபது பேர். வாரம் ஒருத்திக்காவது பிறந்தநாள் வரும். ஐஸ்கிரீம் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் பங்கு போட வேண்டும். வீட்டில் எப்படிப் பணம் புரட்டி அனுப்புகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கேட்கவும் மனம் வராது. அதனால் பல பெண்கள் "எனக்குப் படிக்க வேண்டும்" என்று பொய் சொல்லி ஒதுங்குகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். என் ஒழுக்கத்தில் பாதி, உண்மையில் வெறுங்கைதான்! இரண்டாம் செமஸ்டரில் ஒரு நாள் துணிந்து, "என்னிடம் காசு இல்லை, வரவில்லை" என்று சொன்னேன். ஒரு விநாடி அமைதி. பிறகு ஒருத்தி, "எனக்கும் இல்லை, வாய் திறக்கப் பயந்துகொண்டிருந்தேன்" என்றாள். அன்று முதல் எங்கள் அறையில் பிறந்தநாள் என்றால் மெஸ் டீயும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும்தான்.

கூச்சம் மிகுந்தவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சிபாரிசு செய்வேன். 1969-ல் தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை, அத்தோடு ஏழு நாள் கிராம முகாம். பேச்சு வராதவளும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவளோடு பேசாமல் இருக்க முடியாது. எனக்கு நாக்கு அவிழ்ந்தது அந்த முகாமில், ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில், இருநூறு பேருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இரவு தொலைபேசியில் "படித்தாயா, சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்று யாரோடு பேசினாய்?" என்றும் கேளுங்கள். சந்தேகக் குரலில் அல்ல. மகள் ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெண்ணின் ஊர், வீடு எல்லாம் விசாரித்து, அடுத்த விடுமுறையில் அழைத்து வரச் சொல்லுங்கள். மகளின் தோழியரை அறிந்த வீட்டில் ஒளிவுமறைவுக்கு அவ்வளவாக இடம் இருக்காது. என் அப்பாவிடம் இதை நேரில் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பாடுகிற பெண் எந்த ஊர் என்றாய்?" என்று கேட்டார்.

அந்தப் பாடுகிற பெண்தான், ஏப்ரல் மாதத்தில் நான் அரியர் தாள் எழுதுவதற்கு முன் மூன்று வாரம், தினம் இரவு எட்டரைக்கு என் புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டு, "ஒட்டுறவுக் கெழு என்றால் என்ன? சொல்லு" என்று கேட்டவள். அவளுக்குப் புள்ளியியல் பாடமே கிடையாது, அவள் வரலாறு. விடை சரியா தவறா என்று புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். நான் அவளுடைய வருகைக் கணக்கைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் கோடு போட்டேன். அந்தத் தாளில் எனக்கு உள்மதிப்பெண் அதே ஆறுதான். அதை மாற்ற முடியாது. தேர்வில் 58 வாங்கினேன். அவள் அந்த செமஸ்டரில் ஒன்பது நாட்கள் மட்டுமே விடுப்பு எடுத்தாள். அதில் இரண்டு நாள் பாட்டுப் போட்டிக்கு.