தொழில் மேடை: பெயர் சூட்டும் முன்

பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் வைப்பவனைக் கண்டு ஊரார் சிரிப்பது வழக்கம். கம்பெனிச் சட்டத்திலோ விஷயம் தலைகீழ். அங்கே பெயர் வைத்த பிறகுதான் பிள்ளையே பிறக்க முடியும். பெயருக்கு ஸர்க்கார் சம்மதம் கிடைக்காத வரையில், மற்றத் தஸ்தாவேஜுகள் எத்தனை ஒழுங்காக இருந்தாலும் கம்பெனி ஜனிப்பதில்லை. ஆகையால் இந்த வாரம் பெயரைப் பற்றியே பேசுவோம்.

அதைப் பேசுவதற்கு மறைமலை நகரைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறு கிடைக்காது. 1876-இல் பிறந்த வேதாசலம் என்னும் பெரியார், 1916-ஐ ஒட்டித் தனித்தமிழில் பற்று மிகுந்து, வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, மறைமலையடிகள் ஆனார். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் உள்ள இந்தத் தொழில் நகரம் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அடிகள் தம் பெயரை மாற்றிக்கொள்ள எந்த ரிஜிஸ்திராருக்கும் மனுப் போட வேண்டியிருக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய ஊரில் இன்று ஒரு சிறு பட்டறையைக் கம்பெனியாக்க நினைக்கும் இளைஞனுக்கோ அந்தச் சுதந்திரம் கிடையாது.

மறைமலை நகரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையில் உள்ள தொழிற்சாலைகளில் பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்துக் கைத்திறன் பெற்றவர்களில் பலருக்குச் சொந்தத் தொழில் தொடங்கும் ஆசை பிறக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். இயந்திரம் எங்கே வாங்குவது, பாங்கிக் கடன் எவ்வளவு, மின்சார இணைப்பு எப்போது வரும் என்று ஆறு மாத காலம் அவன் யோசிக்கிறான். பெயருக்கு மட்டும் அரை மணி நேரம் போதும் என்று எண்ணுகிறான். குலதெய்வத்தின் பெயரோடு ‘இன்ஜினீயரிங்’ என்றோ ‘ஆட்டோ காம்பொனென்ட்ஸ்’ என்றோ சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது! ஆனால் முருகப் பெருமானுக்கு அடியார்கள் அனந்தம். ஆதலால் முருகன் பெயரில் கம்பெனிகளும் அனந்தம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, ஏற்கெனவே பதிவான கம்பெனியின் பெயரையே வைப்பதும், அதற்கு மிக நெருங்கிய பெயரை வைப்பதும் கூடாது. ‘மிக நெருங்கிய’ என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம்மவர்கள் செய்யும் தந்திரங்கள் எல்லாம் விதிகளை எழுதினவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கின்றன. ஒருமையைப் பன்மையாக்குவது, இரண்டு சொல்லை ஒட்டி எழுதுவது, நடுவே ஒரு புள்ளி வைப்பது, எழுத்துக்கூட்டை வேண்டுமென்றே தவறாக எழுதுவது, சொற்களை முன்பின்னாக மாற்றுவது, ஓர் எண்ணைச் சேர்ப்பது, கடைசியில் ‘டாட் காம்’ என்று வால் ஒட்டுவது ஆகிய இவை ஒன்றும் செல்லா. ஊர்ப் பெயர் சேர்த்தாலும் பயனில்லை. சென்னையில் ஒரு ‘வெற்றிவேல் டூல்ஸ்’ இருக்குமானால், ‘வெற்றிவேல் டூல்ஸ் மறைமலை நகர்’ என்பது சட்டத்தின் கண்ணுக்கு அதே வெற்றிவேல்தான்.

‘பாங்கி’, ‘இன்ஷூரன்ஸ்’ போன்ற சொற்களைச் சேர்க்க வேண்டுமானால் அந்தந்தத் துறையின் அதிகாரிகள் சம்மதிக்க வேண்டும். மகாத்மா காந்தியின் பெயரை வியாபாரத்துக்கு இழுப்பதை 1950-ஆம் வருஷத்துச் சின்னங்கள், பெயர்கள் பற்றிய சட்டம் தடுக்கிறது. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனியின் பெயரும் உடனே பிறருக்குக் கிடைப்பதில்லை. கெஜட்டில் அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து 20 வருஷம் காத்திருக்க வேண்டும்.

பரிசோதிக்கும் வழி கடினமானதன்று. மத்திய ஸர்க்காரின் கம்பெனி விவகார அமைச்சு தன் இணையதளத்தில் பெயர்களைத் தேடிப் பார்க்க இலவசமாக வசதி செய்திருக்கிறது. பிறகு 2020-இல் நடைமுறைக்கு வந்த ‘ஸ்பைஸ் பிளஸ்’ என்னும் படிவத்தின் முதற்பகுதியில் இரண்டு பெயர்கள் வரை எழுதி, 1,000 ரூபாய் கட்டி அனுப்ப வேண்டும். ஹரியானாவில் மானேஸர் என்னும் ஊரிலுள்ள மத்தியப் பதிவு நிலையம் அதைப் பரிசீலிக்கிறது. பெயர் அங்கீகாரம் ஆனால் 20 நாட்களுக்கு அது உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்படும். மேலும் கட்டணம் செலுத்திச் சில நாட்கள் நீட்டிக்கவும் செய்யலாம். அதற்குள் கம்பெனியைப் பதிவு செய்யாவிட்டால் பெயர் கைநழுவிப் போகும்.

“மானேஸரிலிருந்து அங்கீகாரம் வந்துவிட்டது, இனிமேல் பெயர் என்னுடையது!” என்று நம் இளைஞன் வீட்டில் பாயசம் வைக்கச் சொல்கிறான். நேயர்களே, இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரிஜிஸ்திரார் கொடுப்பது அந்தப் பெயரில் கம்பெனி நடத்த அனுமதி. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்தால், அதைத் தீர்க்கும் இடம் வேறு.

மறைமலை நகருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் மஹீந்திரா உலக நகரம் இருக்கிறது. மறைமலை நகரின் பேர் பெற்ற போர்டு மோட்டார்த் தொழிற்சாலையை நடத்திய கம்பெனியும் 1995-இல் ‘மஹீந்திரா போர்டு’ என்றுதான் பிறந்தது. இந்த மஹீந்திராவின் பெயருக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1945-இல் அது ‘மஹீந்திரா அண்டு முகம்மது’. கூட்டாளியான குலாம் முகம்மது தேசப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகப் போய்விடவே, 1948-இல் ‘மஹீந்திரா அண்டு மஹீந்திரா’ ஆயிற்று. ஐம்பது வருஷம் சென்ற பின், ‘மஹேந்திரா அண்டு மஹேந்திரா பேப்பர் மில்ஸ்’ என்ற பெயரில் வேறொரு கம்பெனி பங்குகள் விற்க முன்வந்தது. ஜீப்பு எங்கே, காகிதம் எங்கே? எழுத்தும் ஒன்று வேறு. போதாததற்கு, அந்தக் கம்பெனி முறையாகப் பதிவானது. ஆயினும் வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2001-இல் அந்தப் பெயரை உபயோகிக்க விதித்திருந்த தடையுத்தரவு உறுதியாயிற்று. பல வருஷ உழைப்பினால் ஒரு பெயர் ஜனங்களின் மனத்தில் ஓர் ஸ்தாபனத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகு, பதிவுச் சான்று காட்டி அதைப் பங்கு கேட்க முடியாது.

எழுத்து மட்டுமல்ல, ஓசையும் கவனிக்கப்படும். சென்னையில் ‘ஸ்ரீ அம்பாள்’ மூக்குப்பொடி பிரசித்தமானது. வேறொருவர் ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்று பொடிக்கு முத்திரை கேட்டார். அம்பாளையும் ஆண்டாளையும் எந்தத் தமிழனாவது குழப்பிக்கொள்வானா? ஒருவர் பரமசிவனின் பத்தினி. மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை சூடிக் கொடுத்தவர். இந்த வாதம் கோர்ட்டில் எழத்தான் செய்தது. ஆனால் பொடி வாங்குகிறவர்கள் எல்லாரும் நம் தெய்வங்களை அறிந்தவர்கள் அல்லர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பிற மாகாணத்தாரும் வாங்குகிறார்கள். அவர்கள் காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று ஸுப்ரீம் கோர்ட்டு 1969-இல் முடிவு செய்தது. ஆண்டாளுக்கு முத்திரை கிடைக்கவில்லை.

மூன்றாவது உதாரணம் நாவில் நீர் ஊறச் செய்வது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடையை அறியாதார் யார்? மங்கிய விளக்கொளியில் அல்வா விற்றதால் ஜனங்களே இட்ட பெயர் அது. வேறொருவர் முன்னால் ‘திருநெல்வேலி’ என்று சேர்த்து அதே பெயரை உபயோகித்தார், பதிவும் பெற்றிருந்தார். 2015-இல் ஸுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பின் சாரம் இது: பதிவைக் காட்டிலும் முந்தி உபயோகித்தவனின் உரிமை பெரியது. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் காணாத ஒரு பழைய கடைக்கும் பெயரில் பாத்தியதை இருக்கலாம்.

பெயர் பறிபோனால் என்ன ஆகும்? பலகையை மாற்றி எழுதினால் தீராதா என்று நினைக்கலாம். உதிரி பாகம் செய்கிறவனுக்கு அது அவ்வளவு லேசானதன்று. பெரிய தொழிற்சாலையின் கொள்முதல் கணக்கில் அவன் பெயர் ஏறுவதற்கே மாதக் கணக்கில் ஆகியிருக்கும். பாங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, தொழிற்சாலை லைசென்ஸ், மின்சார இணைப்பு, அச்சில் பொறித்த முத்திரை எல்லாம் பழைய பெயரிலேயே நிற்கும். பெயர் மாற்றத்துக்குப் பங்குதாரர்களின் விசேஷத் தீர்மானம் வேண்டும். அதன் பின்னும் இரண்டு வருஷ காலம் பழைய பெயரையும் புதிய பெயரோடு சேர்த்துப் பலகையிலும் கடிதங்களிலும் போட்டு வர வேண்டும்.

பதிவான வியாபார முத்திரைக்கு உடையவர், கம்பெனி பதிவான மூன்று வருஷத்துக்குள் ஸர்க்காரிடம் முறையிடலாம். மாற்றும்படி உத்தரவு வந்தால் மூன்று மாதத்துக்குள் கீழ்ப்படிய வேண்டும். பிடிவாதமாக இருப்பவர்களுக்கு 2021-இல் ஒரு விசித்திரமான மருந்து கண்டுபிடித்தார்கள். ஸர்க்காரே புதுப் பெயர் சூட்டிவிடும். ‘ஓ.ஆர்.டி.என்.சி.’ என்ற எழுத்துக்கள், உத்தரவான வருஷம், ஒரு வரிசை எண், கம்பெனியின் பதிவு எண் ஆகியவை சேர்ந்ததுதான் அந்தத் திருநாமம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவன் என்பதே அவ்வெழுத்துக்களின் பொருள். அந்தப் பெயரோடு எந்த வாடிக்கைக்காரரின் வாசலில் போய் நிற்பது?

ஆகையால் பலகை எழுதுகிறவரை அழைக்கும் முன் மூன்று இடங்களில் விசாரியுங்கள். முதலாவது, கம்பெனிப் பதிவேடு. இரண்டாவது, வியாபார முத்திரைப் பதிவேடு. இதன் சென்னை அலுவலகம் அதே ஜி.எஸ்.டி. சாலையில் கிண்டியில் இருக்கிறது. வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வகுப்பில் மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், ஓசையைக் கொண்டு தேடும் பகுதியிலும் பாருங்கள். மூன்றாவது, கடைத்தெரு. தொழிற்பேட்டைகளில் நடந்து பலகைகளைப் படியுங்கள். தொழில் சங்கத்தாரைக் கேளுங்கள். பதிவில்லாத பழைய பட்டறை ஒன்று அதே பெயரில் இருந்தால் அங்கேதான் தெரியவரும். மூன்று இடத்திலும் பெயர் தென்படாவிட்டால் மானேஸருக்கு மனு அனுப்பலாம். கையோடு வியாபார முத்திரைக்கும் விண்ணப்பம் செய்துவிடுவது உத்தமம். தனி நபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் இணையவழிக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய்.

1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி தொடங்கியபோது ‘சுதேசி’ என்ற ஒரு சொல்லைப் பெயரில் வைத்தார். கப்பல் வருவதற்கு முன்பே அச்சொல் தேசமெங்கும் பேசியது. நல்ல பெயருக்கு அத்தகைய சக்தி உண்டு. இன்று பட்டறை வைக்கும் நம் பிள்ளைகளும் தங்களுக்கென்று ஒரு பெயரைத் தேடி எடுத்து, அது பிறருடையதல்ல என்று நிச்சயம் செய்துகொண்டு, அதன் கீழே உழைக்கட்டும். இருபது வருஷம் கழித்து அந்தப் பெயரை வேறொருவர் கடன் கேட்டு வரும் நிலை அவர்களுக்கு உண்டாகட்டும்.