மைனஸ் ஏழில் பாதி எவ்வளவு?

மாடி வீட்டுப் பெண் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன வாரம் ஒரு மாதிரித் தேர்வுத் தாளோடு வந்து, "தாத்தா, இது எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள். சி மொழியில் -7 >> 1 என்றால் விடை என்ன? இதுதான் கேள்வி. கீழே -3, -4, 3, -14 என்று நான்கு விடைகள். அவள் -3 குறித்திருந்தாள். விடைக்குறிப்பில் -4 இருந்தது.

என்னைக் கேட்டால், சரியான விடை அந்த நாலில் இல்லவே இல்லை. "கம்பைலர் செய்தவர் முடிவு செய்தபடி" என்பதுதான் சரியான விடை.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். 4730-இல் கடைசி இலக்கத்தை அடித்துவிட்டால் 473. பத்தால் வகுத்தாயிற்று. கம்ப்யூட்டருக்கு 0, 1 என்று இரண்டே இலக்கங்கள்தான். அதனால் எல்லாவற்றையும் ஓரிடம் வலப்பக்கம் தள்ளினால் இரண்டால் வகுத்த மாதிரி. இதைத்தான் ஷிஃப்ட் என்கிறோம். 7-ஐத் தள்ளினால் 3 வரும், அரை உதிர்ந்துவிடும். இதுவரை வம்பில்லை.

மைனஸ் வந்தால்தான் வம்பு. ஸ்கூட்டர் மீட்டரை 00000-இலிருந்து ஒன்று பின்னால் திருப்பினால் 99999 காட்டும். மைனஸ் எண்களைக் கம்ப்யூட்டர் ஏறக்குறைய அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. எட்டு பிட்டில் -7 என்பது 11111001. வலப்பக்கம் தள்ளும்போது இடது ஓரத்தில் ஓரிடம் காலியாகும். அங்கே 1 போட்டால் 11111100, அதாவது -4. 0 போட்டால் 01111100, அதாவது 124. எதைப் போடுவது என்பதை 1989-இல் வந்த சி மொழித் தரநிர்ணயம் கம்பைலர்காரர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. யூனிவாக் 1100 மாதிரி, மைனஸ் எண்ணை வேறு விதமாக வைத்த இயந்திரங்களும் அப்போது உண்டு.

பெரும்பாலான கம்பைலர்கள் 1-ஐத்தான் போடுகின்றன. அதனால்தான் விடைக்குறிப்பில் -4. ஆனால் அந்த -4 கூட, நாம் நினைக்கிற "பாதி" அல்ல. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். வரும் தொகையை இரண்டு தலைப்புகளில் பாதிப் பாதியாகப் போடவேண்டும். எல்லாம் பைசாவில். அன்றைய இயந்திரங்களில் வகுத்தல் மெதுவாக நடக்கும், ஷிஃப்ட் வேகமாக நடக்கும். கெட்டிக்காரத்தனமாக ஷிஃப்ட் போட்டேன். 7 வந்தால் முதல் தலைப்புக்கு 3, மீதி 4 இரண்டாவதுக்கு.

அதே தொகையை ரத்து செய்து ரிவர்சல் என்ட்ரி போட்டால் -7. ஷிஃப்ட் -4 தந்தது, மீதி -3. ஆக முதல் தலைப்பில் ஒரு பைசா குறையும், இரண்டாவதில் ஒரு பைசா கூடும். மொத்தம் மட்டும் எப்போதும் டேலி ஆகும்.

தலைப்புவாரிக் கணக்கைக் கையால் சரிபார்த்த அம்மாவுக்கு அது ஒவ்வொரு மாதமும் இடித்தது. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று எல்லோரும் நம்பிய காலம். கவனக்குறைவு என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் விடவில்லை. ரத்தான வவுச்சர்களை மட்டும் தனியே பிரித்து, "சார், ஒற்றைப்படைத் தொகை வந்தாத்தான் இடிக்குது" என்று என் மேஜைமேல் வைத்தார். பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. தவறு என்னுடையது என்று எழுதிக்கொடுத்தேன், மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். ஷிஃப்டை எடுத்துவிட்டு வகுத்தல் போட்டேன். -7-க்கு -3 வந்தது, தலைப்புகள் ஒத்துப்போயின.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அந்தக் குழி இன்னும் மூடப்படவில்லை. மைனஸ் எண்ணை வகுத்தால் அரையை எந்தப் பக்கம் உதிர்ப்பது என்பதும் முதலில் கம்பைலர்காரர் விருப்பமாகத்தான் இருந்தது. 1999-இல் பூஜ்யத்தின் பக்கம் என்று தீர்த்துவைத்தார்கள். சி பிளஸ் பிளஸ்காரர்கள் 2020-இல் ஷிஃப்டையும் தீர்த்துவிட்டார்கள். சி மொழியின் சி23 பதிப்பு, மைனஸ் எண்ணை இந்த ஒரே முறையில்தான் வைக்கவேண்டும் என்று கறாராகச் சொன்னது. ஆனால் வலது ஷிஃப்டைக் கம்பைலர்காரர் விருப்பத்துக்கே விட்டது. மைனஸ் எண்ணை இடப்பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு விதியே இல்லை. பழைய இயந்திரங்களுக்காகக் கொடுத்த சலுகையை, அவை போன பிறகும் வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை.

வேகம் என்ற சாக்கும் இன்று செல்லாது. இரண்டால் வகு என்று எழுதினாலே, இன்றைய கம்பைலர் தானே ஷிஃப்டாக மாற்றி, மைனஸுக்கு வேண்டிய திருத்தத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பிட்டுகளைப் பிட்டுகளாகவே கையாளும் இடத்தில், மைனஸ் இல்லாத எண்களோடு ஷிஃப்டைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பாதி வேண்டுமென்றால் பாதி என்றே எழுதவேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "பரீட்சையில் என்ன எழுதறது தாத்தா?" என்றாள்.

"நாலில் ஒன்றுதான் குறிக்கணும்னா -4 குறிம்மா. மார்க்கை ஏன் விடணும்? வேலைக்குப் போய்க் கணக்கு எழுதினா மட்டும் ஷிஃப்ட் போடாதே" என்றேன்.