அப்பா பெயருக்குப் போகும் சைட்டேஷன்: ஆய்விதழ் மேற்கோள் பட்டியலில் எதைக் கவனிக்க வேண்டும்?

தென்காசியில் ஓர் ஆய்வு மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் செல்வி. அப்பா பெயர் முருகன். பள்ளிச் சான்றிதழில் 'எம். செல்வி'. குற்றால மலைச் செடிகளைத் தேடி மூன்று வருஷம் அலைந்து எழுதிய கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்ப ஆன்லைன் படிவத்தை நிரப்புகிறார். ஃபர்ஸ்ட் நேம்: செல்வி. அடுத்தது லாஸ்ட் நேம். சிவப்பு நட்சத்திரம் போட்ட பெட்டி, காலியாக விட முடியாது. பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி 'முருகன்' என்று போட்டுவிட்டு நகர்கிறார்.

அவ்வளவுதான். கட்டுரை வெளிவந்த பிறகு அதை மேற்கோள் காட்டும் எல்லோரும் 'முருகன் எஸ்.' என்றே எழுதுவார்கள். மலை ஏறியது மகள், பெயர் அப்பாவுக்கு. முருகன் சாருக்கு இதில் ஆட்சேபம் இருக்காது. செல்விக்கு இருக்கணும்.

ரெஃபரன்ஸ் லிஸ்ட் என்றாலே நம்ம ஊர் ஆய்வு மாணவர்களுக்கு கமா பயம்தான். புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே, ஆண்டு முன்னாலா பின்னாலா என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து திருத்துவார்கள். புரதங்களின் அமைப்பு பற்றி ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் வான்கூவர் முறையில் 'ராமச்சந்திரன் ஜிஎன்' என்று இனிஷியலுக்குப் புள்ளியே கிடையாது. ஆண்டு கடைசிப் பக்கம் வரும். ஏபிஏ முறையில் பெயருக்குப் பின் கமா, இனிஷியலுக்குப் புள்ளி, உடனே அடைப்புக்குறிக்குள் ஆண்டு. இரண்டிலும் இருப்பது ஒரே தகவல்தான், உடுப்பு மட்டும் வேறு.

இந்த உடுப்பு மாற்றும் வேலையைக் கையால் செய்வது வீண் என்பது என் கருத்து. ஸோட்டிரோ என்ற இலவச மென்பொருள் 10,000-க்கும் மேற்பட்ட வடிவங்களில் ஒரே கிளிக்கில் மாற்றித் தருகிறது. எல்சவியர் நிறுவனத்தின் பல இதழ்கள் முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவமானாலும் சரி, பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்கின்றன. கமாவை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும்.

மெஷினால் முடியாதது பெயர்தான். உலகத்தின் மேற்கோள் முறைகள் எல்லாம் கடைசியில் வருவது குடும்பப் பெயர் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஆனாலும் ராமச்சந்திரன் தப்பித்தார். எப்படி? ஜி என்பது கோபாலசமுத்திரம், ஊர். என் என்பது நாராயணன், அப்பா. இரண்டையும் முன்னால் வைத்துவிட்டு சொந்தப் பெயரைக் கடைசியில் வைத்தார்கள். வெள்ளைக்காரன் அதையே குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டான். தற்செயலாகச் சரியாக அமைந்த பொருத்தம் அது. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்துப் பெயருக்குப் பின்னால் போட ஆரம்பித்தோமே, அங்கேதான் அது உடைந்தது.

இனிஷியலை முன்னால் வைத்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகரைத் தெரியும். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வில் உலகப் பெயர் வாங்கிய இன்னொரு எஸ். சந்திரசேகரும் இருந்தார். முதலாமவர் சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், இரண்டாமவர் ராமனின் சகோதரி மகன். அத்தை மகனும் மாமன் மகனும் மேற்கோள் பட்டியலில் ஒரே 'சந்திரசேகர் எஸ்'!

இதற்காகத்தான் ஆர்கிட் எண் வந்தது. பூ இல்லை, 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தரப்படும் 16 இலக்க அடையாளம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினாலும் எண் மாறாது. அதில் குடும்பப் பெயர் கட்டாயமும் இல்லை. முதல் கட்டுரைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஆய்விதழ் படிவத்தில் செல்வி செய்ய வேண்டியது, லாஸ்ட் நேம் பெட்டியில் 'செல்வி', ஃபர்ஸ்ட் நேம் பெட்டியில் 'எம்' அல்லது 'முருகன்'. தலைகீழாகத் தோன்றும், பரவாயில்லை. கடைசிவரை எல்லாக் கட்டுரையிலும் அப்படியே போட வேண்டும், அதுதான் முக்கியம்.

அடுத்தவர் பெயரை நாம் எழுதும்போது விதி வேறு. அது அப்பா பெயர் என்று நமக்குத் தெரிந்தாலும் கட்டுரையில் எப்படி வெளிவந்ததோ அப்படித்தான் எழுத வேண்டும். நாமாகத் திருத்தினால் தேடுபவருக்குக் கிடைக்காது.

ஊர்ப் பெயருக்கும் இதே கதை. கிழக்கிந்திய கம்பெனி மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட 'ஐகோனெஸ்' தொகுதிகளில் குற்றாலம் அடிக்கடி வரும். இன்று நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்துக்கு முன்னால் 'ஏ' போடுகிறோம். அவர் போட்டது 'யு'. பழைய கட்டுரைகளில் திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆக இருக்கும். தென்காசி மாவட்டம் உதயமானதே 2019 நவம்பர் 22-ல்தான். அதற்கு முன்பு வந்த ஆய்வுகளில் குற்றாலம் நெல்லை மாவட்டம். உங்கள் கட்டுரைக்குள் தென்காசி மாவட்டம் என்று எழுதுங்கள், மேற்கோள் பட்டியலில் இருக்கும் தலைப்பில் கை வைக்காதீர்கள்.

வைட்டின் அந்த 2,000-க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பகுதியை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் பெயர் உண்டு. மேற்கோள் பட்டியலில் வைட் மட்டுமே. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் சூட்டினார். பிற்காலத்தில் அதையும் வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். பாவம் மனுஷன்.

ஏஐ-யிடம் பட்டியல் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கமா, புள்ளி எல்லாம் அச்சு அசலாக இருக்கும், கட்டுரைதான் இருக்காது. 2023-ல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் கிளிக் செய்து, திறக்கிற பக்கம் அதே கட்டுரைதானா என்று பாருங்கள்.

செல்வி ஏற்கெனவே அனுப்பிவிட்டாரா? இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ப்ரூஃப் வரும்போது, 'பெயரையும் குடும்பப் பெயரையும் சரியாகப் பிரித்திருக்கிறோமா?' என்று பல பதிப்பகங்கள் கேட்கும். அட்டவணை, படம் எல்லாவற்றையும் நான்கு முறை பார்ப்பவர்கள்கூட அந்தக் கேள்விக்கு மட்டும் படிக்காமலேயே 'ஓகே' தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.