லண்டன் கடிதம்: உங்கள் பெயரில் ஒரு காகிதம் உண்டா?

"என்ர பேரில ஒரு கடதாசியும் இல்லை அக்கா" என்று அவள் சொன்னபோது அடுப்பில் ரசம் பொங்கிக் கொண்டிருந்தது. அதை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். யாழ்ப்பாணத்துப் பெண். பதினொரு வயதில் பையன், எட்டு வயதில் பெண். கணவன் போன வருஷம் பிரிந்து போய்விட்டான். நாலைந்து குடும்பம் இருக்கும் வீட்டில் ஓர் அறையில் மூன்று பேரும் படுக்கிறார்கள். ஆறு வருஷமாக இதே பேட்டைதான். ஆனாலும் கவுன்சில் வீட்டுக்குப் பெயர் பதிய எழுதிப் போட்டதற்கு, 'ஐந்து வருஷம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் போதாது' என்று பதில் வந்துவிட்டது.

கவுன்சில் என்றால் நம் ஊர் நகராட்சி மாதிரி. அதற்குச் சொந்தமான வீடுகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும். அந்த வீடு வேண்டுமானால் முதலில் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். கேட்டவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்ட காலம் உண்டாம். 2011-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, இங்கிலாந்தில் யாரைச் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தந்தக் கவுன்சிலே தீர்மானிக்கிறது. இரண்டு வருஷமாவது அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும் என்று வைக்கலாம் என அரசாங்கம் 2013-ல் யோசனை சொன்னது. லண்டனில் பல இடங்களில் ஐந்து வருஷம் கேட்கிறார்கள். வாடகை மலிவு என்று பக்கத்துத் தெருவுக்குப் போனாலும், அது வேறு கவுன்சிலின் எல்லையாக இருந்தால் அங்கே கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். சம்பளம், சேமிப்பு இவற்றுக்கும் வரம்பு உண்டு. வாடகை பாக்கி இருந்தாலும் சிக்கல்.

மகளை லண்டனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி என்ற விசாவில் வருகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் 'அரசு உதவி பெறக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். அது நீங்கும்வரை அவள் தன் பெயரில் இந்தப் பதிவேட்டில் சேர முடியாது. என் சிநேகிதிக்கு அந்தத் தொல்லை இல்லை, நிரந்தர அனுமதி வாங்கிவிட்டாள். அவள் தடுக்கி விழுந்தது காகிதத்தில்தான். வாடகை ஒப்பந்தம், மின்சார பில், பாங்கிக் கணக்கு, கவுன்சில் வரிச் சீட்டு எல்லாம் அவன் பெயரில். வீட்டைத் துடைத்தது, சமைத்தது, வாடகையைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் இவள்!

இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை முழுக்க அவளுடைய சூட்கேஸைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். சின்னவளுக்கு இரண்டு வயதில் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சிவப்புப் புத்தகம் அகப்பட்டது. பிள்ளைகளுக்காக அரசு தருகிற பணம் தாயின் பெயரில் வந்துகொண்டிருந்ததால், அந்தக் கடிதங்கள் வருஷவாரியாக இருந்தன. டாக்டரிடம் பெயர் பதிந்த தேதியை எழுதித் தரச்சொல்லி வாங்கினோம், பள்ளிக்கூடத்திலும் அப்படியே. பழைய தபால் உறைகளைக்கூட அவள் பத்திரமாக வைத்திருந்தாள். (நானாக இருந்தால் அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன்.)

முடியாது என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடத் தேவையில்லை. மறுபரிசீலனை கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. எத்தனை நாளுக்குள் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும், அதைத் தாண்டவிடக் கூடாது. ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்புகள் காசு வாங்காமல் யோசனை சொல்கின்றன. கணவனின் அடிஉதைக்குப் பயந்து வேறு ஊருக்கு ஓடியவளை 'நீ உள்ளூர்க்காரி இல்லை' என்று சொல்லித் திருப்பக் கூடாது என்று இங்கிலாந்தில் 2025-ல் விதியே வந்திருக்கிறது.

ஆறு வாரம் கழித்துப் பெயர் ஏறியது. "அக்கா, கிடைச்சிட்டுது!" என்று வாசலிலேயே அழுதாள். வீடு கிடைத்ததாக நினைத்து விடாதீர்கள். வரிசையில் இடம் கிடைத்தது. யாருக்குத் தேவை அதிகம் என்று வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். பையனும் பெண்ணும் வளர்ந்து தனித்தனி அறை வேண்டியிருப்பதால் நெரிசல் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். காலியாகும் வீடுகளை அறிவிக்கும்போது எது வேண்டும் என்று இவள் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பெயர் 'பிட்டிங்'. ஏலம் என்று பயந்தேன். காசு ஒன்றும் கேட்பதில்லை. போன தடவை அவளுக்கு முன்னால் எண்பத்தேழு பேர்.

அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் இவரிடம், "கரண்ட் பில்லில் என் பெயரையும் சேருங்கள்" என்றேன். "எதற்கு, என்னைத் துரத்தப் போகிறாயா?" என்று சிரித்தார். மறுநாளே போன் பண்ணிச் சேர்த்துவிட்டார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில், இந்த வீட்டு விலாசத்தோடு என் பெயர் அச்சில் வந்த முதல் பில் போன வெள்ளிக்கிழமை வந்தது.